கணக்கு மிஸ்ஸின் கட்டைவிரல்

ஏழாம் வகுப்புக்குச் சராசரி வேகம் நடத்தும் நாளில் நான் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைப்பதில்லை. எல்லோரையும் வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் பள்ளி செஞ்சிக்கு வெளியே, பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி. பெரிய வசதி ஒன்றும் கிடையாது, ஆனால் வராண்டா நல்ல நீளம். ஒரு முனையில் இரண்டு செங்கல்லை அடுக்கி, அதன்மேல் ஒரு பலகையைச் சாய்ப்போம். பலகையின் உச்சியிலிருந்து ஐந்து மீட்டர் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போடுவோம். ஒருத்தர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ரப்பர் பந்தை விட வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் "மூணு" என்றதும் வாட்சை ஓடவிட்டு, பந்து கோட்டைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

வகுக்கிற இடத்தில்தான் என் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ஐந்தை நாலு புள்ளி ஒன்றால் வகு என்றால் பாதிப் பேர் பேனாவைக் கடிப்பார்கள். அதனால் ஒரு வருஷம் கணக்கு மிஸ் தனக்கு ஓய்வு பீரியட் என்று உதவிக்கு வந்தார். பிள்ளைகளுக்கு அவர் கணக்கு மிஸ். எனக்கு அக்கா.

என்னைவிட ஆறு வயது மூத்தவர். செஞ்சிக்குப் பக்கத்து கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற ஜைனக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு, என்னைப் போலவே செஞ்சியில் குடியிருந்தார். நான் காலனியிலிருந்து படித்து வந்தவள். எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம், ஸ்டாஃப் ரூமில் என் டப்பாவைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. முட்டைப் பொரியல் கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் இருப்பவர் வெங்காயம் கூடத் தொடமாட்டார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து வேறு இடம் பார்க்கப் போனபோது அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா, எங்க போற? உக்காந்து சாப்டு. உன் முட்டை எழுந்து என் தட்டுக்கா வரப்போவுது?"

அன்றிலிருந்து பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காலையில் என் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் போவோம், சாயங்காலம் அதிலேயே வருவோம். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். காற்றில் பாதி காதில் விழாது. விழாத பாதிக்கும் நான் "ஆமாங்க்கா" என்பேன்.

அன்றைக்கு மூன்று வாட்ச். பி.டி. சாரிடம் வாங்கிய ஸ்டாப் வாட்ச் இரண்டு. ஒன்று ஒரு மாணவியிடம், ஒன்று அக்காவிடம். மூன்றாவது என் போன். பந்து உருண்டது. மாணவி நாலு புள்ளி ஒன்று என்றாள். எனக்கு நாலு புள்ளி இரண்டு. அக்காவுக்கு ஐந்து.

பிள்ளைகளுக்கு அக்காவின் அளவுதான் பிடித்தது. ஐந்தை ஐந்தால் வகுத்தால் ஒன்று, வேலை முடிந்தது. நான் சிரித்துக்கொண்டே மறுபடி விடச் சொன்னேன். இந்தத் தடவை எனக்கும் மாணவிக்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்தது. அக்காவுக்கு ஐந்து புள்ளி மூன்று. மூன்றாம் தடவையும் அப்படியே.

"வாட்ச் சரியில்ல போல இருக்குது" என்றார் அக்கா.

மாணவியின் வாட்சை அக்காவுக்கும், அக்காவின் வாட்சை மாணவிக்கும் மாற்றிக் கொடுத்தேன். பந்தை விட்டோம். மாணவிக்கு நாலு புள்ளி ஒன்று. அக்காவுக்கு ஐந்துக்கு மேல்.

அளவுகளை வராண்டாச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். "மிஸ், வாட்ச் மாத்தியும் கணக்கு மிஸ்ஸுக்கு மட்டுந்தான் லேட்டா வருது. அப்போ வாட்ச் மேல தப்பில்ல மிஸ். மிஸ்ஸோட கைதான் லேட்டு."

எனக்கு ஒரே பெருமை. எதை மாற்றினோம், எது மாறவில்லை என்று ஒரு பிள்ளை தானாகவே யோசித்துச் சொல்கிறாளே. நான் கரும்பலகையில் பெரிதாக "மனிதப் பிழை" என்று எழுதினேன். எழுதிவிட்டு, "பாருங்க, கணக்கு மிஸ்ஸுக்கு வயசாயிடுச்சு. பந்து கோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய் சாப்ட்டப்புறந்தான் வாட்சை நிறுத்துறாங்க" என்றேன். வராண்டாவே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு, "மிஸ்ஸோட ரீடிங்கை எல்லாம் அடிச்சிடுங்க, மத்த ரெண்டையும் வெச்சு சராசரி எடுங்க" என்று சொன்னேன். முப்பது பிள்ளைகளும் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு அந்த அளவுகளை அடித்தார்கள். அக்கா வாட்சை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அதை நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

சாயங்காலம் ஸ்கூட்டியில் வரும்போது அவர் வழக்கம்போலப் பேசவில்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"ரெண்டு மாசமா சாக்பீஸ் நழுவுது. புடவையில ஊக்கு குத்த முடியல. அவரைத்தான் குத்தச் சொல்றேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "சுகர் பாத்தியாக்கா?"

"பாத்தேன். இல்ல."

"பி ட்வெல்வ் கம்மியா இருக்கும். நீதான் எதுவுமே சாப்பிடறதில்லையே. டாக்டரைப் பாப்போம்."

அவர் கையை நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை உள்வாங்கிக் கிடந்தது. சின்னக் குழி. அந்தக் கையோடு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

செஞ்சி டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் கழித்து பாண்டிச்சேரிக்குப் போகச் சொன்னார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்து ஸ்கேன், ரத்தம், நரம்பில் ஊசி குத்திப் பார்க்கிற டெஸ்ட் என்று நாலைந்து தடவை அலைந்தோம். அக்காவின் வீட்டுக்காரர், அக்கா, நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரரை நான் அண்ணா என்பேன், அதிகம் பேசாத மனிதர். நிலமும் மணிலாக்கொட்டை வியாபாரமும் பார்ப்பவர். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் ஒரு பெரிய டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். கையில் ஆரம்பித்திருக்கிறது. காலுக்குப் போகும். நாக்குக்குப் போகும். பிறகு மூச்சு. புத்தி மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும். மருந்து இருக்கிறது, ஆனால் அது நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும்.

அண்ணா எவ்வளவு நாள் என்று கேட்டார். டாக்டர் தயங்கி, சராசரியாக இத்தனை வருஷம் என்று ஒரு கணக்குச் சொன்னார்.

"சராசரின்னா" என்று அக்கா குறுக்கே கேட்டார், "சில பேருக்குக் கூட, சில பேருக்குக் குறைய. அப்படித்தானே சார்?"

"ஆமாம்மா."

"நான் எந்தப் பக்கம்னு இப்போ சொல்ல முடியாது."

"முடியாதும்மா."

அக்கா தலையாட்டினார். ஏதோ ஒரு விடைத்தாளில் சந்தேகம் தீர்ந்த மாதிரி. வெளியே வந்து பீச் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றோம். அண்ணா டம்ளரை அக்காவின் இடது கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்கு அவர் தலை அவ்வளவு கனமாக இருந்தது அன்றைக்குத்தான்.

அவர் உடனே லீவ் போடவில்லை. எழுத முடியாமல் போனபோது பிள்ளைகளை விட்டு பலகையில் எழுத வைத்தார். ஸ்கூட்டியில் பிடித்து உட்கார முடியாமல் போனதும் ஷேர் ஆட்டோவுக்கு மாறினோம். அடுத்த வருஷம் அதே பாடம் வந்தது. நடத்தாமல் தாண்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்காதான், "எப்போ பந்து உருட்டற?" என்று கேட்டார். நாற்காலி போட்டு வராண்டாவில் உட்கார்ந்தார். அப்போது பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அவர் சொன்ன தசமப் புள்ளிகள் பிள்ளைகளுக்குச் சரியாகப் புரியவில்லை. புதிய ஏழாம் வகுப்பு. நோய் என்று தெரியாத ஒரு பையன் அவர் பேசுவதைப் போலவே மெதுவாகச் சொல்லிக் காட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். அக்கா வேண்டாம் என்று கண்ணால் தடுத்தார்.

ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. ஒரு வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டேன்.

"அக்கா, போன வருஷம் நான் உன்னை வெச்சு சிரிச்சேனே. நீ மனசுல வெச்சிருக்கியா?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "நீங்க எல்லாம் சிரிச்சப்போ எனக்குத் தெரிஞ்சிடுச்சு, ஏதோ ஆயிடுச்சுன்னு. பயம். அதான் நானும் சிரிச்சேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஆட்டோ வந்து ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்: "சிரிச்சது பரவால்ல. ரீடிங்க அடிக்கச் சொன்ன பாரு. அது தப்பு. ஒத்து வரலன்னாலும் ரீடிங் ரீடிங்தான். பக்கத்துல எழுதி வெச்சிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். மன்னித்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதன்பிறகு பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். அவர்கள் வீட்டில் சூரியன் இறங்குவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள், அது ஜைனர்களின் வழக்கம். முன்பெல்லாம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது விழுங்குவதற்கு அத்தனை நேரம் பிடித்தது. கூழ் போல மசித்த சாதம், அதில் ஒரு அரை ஸ்பூன், தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து, பிறகு அடுத்த அரை ஸ்பூன். புரையேறினால் பத்து நிமிஷம் நிறுத்த வேண்டும். நாலரைக்கு ஆரம்பித்தால்தான் பொழுது சாய்வதற்குள் ஒரு கிண்ணம் இறங்கும். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். ஆனால் அக்கா மலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். காலண்டரில் போட்டிருக்கிற அஸ்தமன நேரம்தான் அவருக்குக் கணக்கு. கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும் அந்த நிமிஷம் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்.

"ரெண்டு ஸ்பூன்தான்க்கா. யாரும் பாக்கல" என்று ஒருநாள் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருஷம் பேச்சு முழுதாக நின்றபோது எழுத்து அட்டை செய்தேன். தமிழில் எழுத்துகள் அதிகம். கண்ணை மூடித் திறந்து ஒரு எழுத்தைக் காட்ட நேரம் பிடித்தது, ஒரு சொல் முடிவதற்குள் அவர் களைத்துப்போவார். மூன்றாம் நாளே அந்த அட்டை வேண்டாம் என்றுவிட்டார். பிறகு, அதே அட்டையை வைத்து ஒரு வாரமாக எழுத்து எழுத்தாகக் கண்ணால் சொல்லி ஒரு பட்டியல் தயாரித்தார். கணக்கு மிஸ் அல்லவா, எல்லாம் எண்கள். ஒருமுறை கண் மூடினால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை. மூன்று கழுத்து வலிக்கிறது. நாலு ஃபேன். இப்படியே பத்துவரை. அதைப் பெரிய எழுத்தில் எழுதி கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் எனக்கும் அண்ணாவுக்கும் பழகிவிட்டது.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதுவது கஷ்டம்.

நான் போவதைக் குறைத்தேன். காரணங்கள் இருந்தன. என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு. வீட்டில் மாமியாருக்கு இடுப்பு வலி. பள்ளியில் எமிஸ் வேலை, மாணவர் விவரம் அது இது என்று ஆன்லைனில் ஏதாவது ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் முன்பும் இருந்தது. உண்மைக் காரணம் வேறு. அந்த அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கண்கள் மட்டும் என்மேல் திரும்பும். முகத்தில் வேறு எதுவும் அசையாது. பேசுவதெல்லாம் நானே பேச வேண்டும். பள்ளியில் நடந்ததைச் சொல்லிச் சிரித்தால் என் சிரிப்பு எனக்கே அசிங்கமாக இருந்தது. வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது மனசு லேசாகும். அது லேசானதற்காக அன்று முழுக்கக் குற்ற உணர்ச்சி. தினமும் என்பது வாரம் மூன்று நாளாயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு அரையாண்டுப் பரீட்சை, லீவு, பொங்கல் என்று நாற்பது நாள் போகவே இல்லை. செஞ்சியில்தான் இருந்தேன். அவர் வீட்டுத் தெருவைத் தவிர்த்து பெரிய தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அண்ணா போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம்.

"வேலையா இருப்ப. தொந்தரவு பண்ணலாமான்னு தெரியல."

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆனா அவ வாசப்படியையே பாத்துட்டு இருக்கா. நான் கதவ மூடினா கண்ணீர் வருது. அதான். முடிஞ்சா வாம்மா. இல்லன்னாலும் தப்பா நெனைக்க மாட்டோம்."

அன்று சாயங்காலம் போனேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். மூக்கில் மூச்சுக்கான மாஸ்க். முகம் பாதியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் கண் அப்படியே நின்றது. நான் வாசலருகே பையைத் தோளில் மாட்டியபடி நின்றேன். மகள் பரீட்சை, வேலை என்று எதையோ சொன்னேன்.

அக்கா கண்ணை மூடித் திறந்தார். நான் எண்ணினேன். ஏழு.

ஏழு என்றால் என்ன என்று எனக்கு மறந்துபோயிருந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்தேன். பட்டியல் இல்லை. அண்ணாவுக்கு எல்லாம் மனப்பாடம், வெள்ளையடித்தபோது எடுத்துவிட்டிருக்கிறார். நான் தண்ணீரா என்று கேட்டேன். இல்லை. ஃபேனா என்று கேட்டேன். கழுத்துக்குக் கீழே தலையணையைச் சரி செய்தேன். அவர் மறுபடி பொறுமையாக ஏழு முறை கண்ணை மூடித் திறந்தார். எண்ணுவதே அவருக்கு எவ்வளவு களைப்பு என்பது தெரிந்தது.

பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணாவிடம் ஓடினேன். "அண்ணா, ஏழுன்னா என்ன?"

அவர் ஈரத்துணியோடு திரும்பினார். "ஏழா? ஏழு எங்கிட்ட சொல்லவே மாட்டா. அது உனக்காகப் போட்டது. 'உக்காரு'ன்னு அர்த்தம்."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எலும்பும் தோலுமாக, காகிதம் போல இருந்தது. அன்று நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் எந்த எண்ணும் சொல்லவில்லை. வெளிச்சம் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள்தான். நான் கட்டடித்த நாற்பது நாளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இருபதாம் நாள் காலை, அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணா கூப்பிட்டார். "போயிட்டாம்மா" என்றார். நான் ரெஜிஸ்டரை மூடாமலே எழுந்தேன். ஹெட்மாஸ்டரிடம் சொன்னதும் அவர் பள்ளிக்கு அரை நாள் விட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கேட் அருகே நின்றிருந்தார்கள். வராண்டாவில் அன்று அளவுகளை எழுதிய பெண்ணும் அதில் இருந்தாள். நாங்களும் வருகிறோம் என்றார்கள். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் அதிக சத்தமில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து மெல்லிய குரலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஸ்கை எடுத்துவிட்டிருந்ததால் முகம் தெரிந்தது. அந்தப் பெண் அக்காவின் கால்மாட்டில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், நான் அன்னைக்கு சொல்லியிருக்கக் கூடாது இல்ல?"

இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளையும் அதைச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "நீ சொன்னது சரி. நீ பாத்ததைச் சொன்ன. பாக்காதவ நான்தான்" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பொழுது சாய்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனைவரை போய் நின்றோம்.

இரண்டு மாதம் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அண்ணாவைப் பார்த்தேன். காலடியில் ஒரு பெட்டி, ஒரு சாக்குப்பை. அனந்தபுரத்தில் இருக்கிற தம்பி வீட்டோடு போகிறேன் என்றார்.

"வீடு?"

"பூட்டிட்டேன். ஒரு ஆளுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய வீடு."

"உடம்பைப் பாத்துக்கங்கண்ணா."

"உம்" என்றார். சாக்குப்பையைப் பெட்டியோடு சேர்த்து நகர்த்திவிட்டு, "நாலு மணி ஆனா என்ன பண்றதுன்னே தெரியலம்மா. அந்த நேரத்துக்குப் பயந்துதான் ஊர விட்டே போறேன்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பஸ் வந்தது. பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பஸ் கிளம்பி மறைந்ததும் நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.